ஒழுகும் வகுப்பறை

"கூரை ஒழுகினதாலதான் அவன் என் பக்கத்துல வந்து உக்காந்தான்."

பேருந்து அல்சூர் ஏரியைத் தாண்டும்போது முன்சீட்டில் இருந்த பேராசிரியை இப்படிச் சொன்னார். தான் படித்த பல்கலைக்கழகத்திலேயே இப்போது பாடம் எடுக்கிறார் போலும். பழைய வகுப்பறைகளை இடித்துவிட்டு நவீனமாகக் கட்டப்போகிறார்களாம்.

"பசங்க ஒரு பக்கம், பொண்ணுங்க ஒரு பக்கம். மழை வந்தா பசங்க பெஞ்செல்லாம் நனைஞ்சிடும். எங்க பக்கம் வந்துடுவாங்க."

"அப்புறம் என்னாச்சு மேடம்?" பக்கத்தில் இருந்த இளைய ஆசிரியை கேட்டார்.

"மழை விட்டுச்சு. திரும்பிப் போயிட்டான்."

"அவ்ளோதானா? அப்ப அந்த ரூமை இடிக்கணும்னு மீட்டிங்ல மொதல்ல சொன்னது நீங்கதானே?"

"ஆமா. இன்னிக்கும் அந்த ரூம்ல இருக்கும்போது மழை வந்தா, பெஞ்சுல கொஞ்சம் தள்ளி உக்காந்து இடம் விடணும்போல இருக்கு."