வேலியோரம் நின்னவன்

அட, ஆடாம என்னங்கய்யா? இந்த விரலெல்லாம் சும்மாவா இப்படிக் கோணிக் கிடக்கு? ஏழு வருஷம் மாவட்ட அணிக்கு நம்ம நாட்டுக் கால்பந்து ஆடினவன் நான். பந்து வானத்துல இருந்து இறங்கும்போது நாலு பேரு எம்பிக் குதிப்பாங்க. கீழ வரும்போது பந்து என் நெஞ்சுலதான் இருக்கும். அம்பது கெஜத்துல வெச்சு உதைச்சா கம்பத்துக்கு மேல போய்ப் புள்ளி விழும், பத்துக்கு ஒம்போது. ஜம்பம்னு நினைக்காதீங்க, ரஸ்காமன் மாவட்டத்துல யாரை வேணா கேளுங்க.

பேரா? அது கெடக்கட்டும், சொல்றேன். ரயிலைப் பத்திக் கவலையே வேணாம், பாலத்துல வெள்ளம்னுதான் இப்படிச் சுத்திப் போறோம். நாளைக்கு மாநாட்டுல உங்களைத்தான் நம்ம ஆட்டச் சங்கத்துக்குத் தலைவரா உக்கார வெக்கப் போறாங்களாமே? வண்டி ஹெனிகன் ஐயாவுக்குன்னு சொன்னதும் வேற எவனையும் விடல, நானே குதிரையைப் பூட்டிட்டேன்.

நான் எங்கய்யா விட்டேன், ஆட்டத்தை விட வெச்சாங்க! எட்டு வருஷமாச்சு. இறுதி ஆட்டத்துக்குப் பதினஞ்சு நாள் இருக்கு. என் சம்சாரம் டீலியாவுக்கு வலி எடுத்துடுச்சு. பிள்ளை காலை முன்ன வெச்சு வருது, டாக்டரைக் கூட்டிட்டு வான்னு மருத்துவச்சி கையை விரிச்சுட்டா. டாக்டர் எங்கன்னு ஓடினா, சனிக்கிழமை மத்தியானம், மனுஷன் ரக்பி ஆடிக்கிட்டிருக்கார். சேத்துல பத்துப் பேருக்கு அடியில கிடக்கார். நடுவுல புகுந்து காலைப் பிடிச்சு இழுக்கவா முடியும்? விசில் ஊதற வரைக்கும் வேலியோரம் நின்னேன். அவ்வளவுதாங்கய்யா.

ஆமா, அதுவும் குத்தம்தான். நம்ம சங்கத்துச் சட்டம் உங்களுக்குத் தெரியாததா? இங்கிலீஷ்காரன் ஆட்டத்தை ஆடினாலும் தப்பு, நின்னு பாத்தாலும் தப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் சங்கத்து ஆளு ஒருத்தர் சைக்கிளோட நின்னு யாரு யாருன்னு பேர் எழுதிக்கிட்டிருந்தார். சங்கத்துல விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. எவ்வளவு நேரம் நின்னேன்னாங்க. மூணு நிமிஷம்னேன். ஆட்டத்தைப் பாத்தியான்னாங்க. அங்கதான் நான் மடையனாயிட்டேன். ஒரு பய நல்லா ஓடினான், பாத்தேன்னு உண்மையைச் சொல்லித் தொலைச்சேன். ரெண்டு வருஷம் தடை. திரும்பி வர்றதுக்குள்ள முழங்கால் போயிடுச்சு.

அந்த இறுதி ஆட்டமா? ஒரே ஒரு புள்ளியில தோத்தோம். கடைசி நிமிஷம் அம்பது கெஜ உதை கிடைச்சுது. என் உதை அது! வேற ஒருத்தன் உதைச்சு வெளிய அடிச்சான். ஜெயிச்சா கொளுத்தறதுக்குன்னு மலை மேல தார்ப் பீப்பாய் உருட்டி வெச்சிருந்தாங்க. கொளுத்தாமலே மழையில கிடந்து மக்கிப் போச்சு. இன்னும் அங்கதான் கிடக்கு. தெனம் அந்தப் பக்கமாத்தான் வண்டி ஓட்டறேன்.

ஹோ... ஹோ... நில்லுடா! எறங்குங்கய்யா, சக்கரம் ஆடுது. அட, கடையாணியைக் காணோம். பயப்படாதீங்க, செத்த நேரம்தான். சேறா இருக்கு, இப்படி வேலியோரமா நில்லுங்க. தொப்பியைக் காத்து அடிச்சிட்டுப் போயிடும், கையில வெச்சுக்குங்க. முகம் நல்லாத் தெரியட்டும்.

அந்தச் சத்தமா? பசங்க ஏதோ ஆடறாங்க. திரும்பிட்டீங்க பாத்தீங்களா! சத்தம் கேட்டா கழுத்து தானாத் திரும்புதுல்ல? எனக்கும் அப்படித்தாங்கய்யா திரும்புச்சு.

ரக்பியேதான். என்னத்துக்கு இப்படி வெளுத்துப் போறீங்க? அங்க மரத்தடியில நோட்டும் பென்சிலுமா ரெண்டு பேரு நிக்கறாங்க, தெரியுதா? நம்ம சங்கத்து ஆளுங்கதான். இன்னைக்கு மூணு மணிக்கு ஒரு பெரிய மனுஷன் இங்க நிப்பார்னு நேத்தே கடுதாசி போட்டேன். எழுதறாங்க பாருங்க. அவங்களுக்கு உங்களைத் தெரியாதா என்ன, நீங்க பழக்கினவங்கதானே.

கத்தாதீங்க. பார்ட்லி கில்லீன். இப்ப ஞாபகம் வருதா? அன்னைக்கு விசாரணையில மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்து ஒண்ணு சொன்னீங்க. ஏன் நின்னேங்கறது எங்களுக்கு வேண்டாம், நின்னியா இல்லையா, அதைச் சொல்லுன்னீங்க. அதையேதான் நாளைக்கு உங்ககிட்டயும் கேப்பாங்க.

கடையாணியா? என் சட்டைப் பையிலதான் இருக்கு. மூணு நிமிஷம் ஆகட்டும், மாட்டிடறேன்.