பதினான்காவது நிமிடத்தில் நிறுத்தச் சொன்ன படம்

நான் சர்வதேசத் திரைப்பட விழா அலுவலகத்தில் ஆபரேட்டர். வயது ஐம்பத்தொன்று. தொழிற்பேட்டைக்குப் பின்னால் இரண்டாம் மாடி வாடகை வீட்டில் தங்கையுடன் வசிக்கிறேன். நடுவர்கள் மட்டும் பார்க்கும் முப்பது இருக்கைச் சிறிய அரங்கில் இருபத்திரண்டு வருடமாகப் படம் ஓட்டுகிறேன். என் மீது முன்வழக்கு எதுவும் இல்லை. யாரும் மிரட்டாமல் நானாகவே சொல்கிறேன்.

அந்த அரங்கில் ஒரு வழக்கம் உண்டு. நடுவர் குழுத் தலைவர் கையில் சின்ன டார்ச் இருக்கும். அதை என் கேபின் கண்ணாடியை நோக்கி ஒருமுறை அடித்தால், ஓடும் படத்தை நிறுத்திவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். ஏன் எதற்கு என்று நான் கேட்கக்கூடாது. டார்ச் அடித்தால் அந்தப் படம் தேறாது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

இந்த வருடம் என் தங்கை எடுத்த படமும் போட்டியில் இருந்தது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த எங்கள் அம்மாவைப் பற்றிய ஆவணப்படம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுத்ததால் முடிக்க ஏழு வருடம் ஆனது. அம்மா இப்போது இல்லை. படம் எடுத்தவள் என் தங்கை என்று அலுவலகத்தில் நான் மூச்சு விடவில்லை.

சம்பவத்தன்று காலை பத்தரைக்கு அந்தப் படத்தைப் போட்டேன். நடுவர்கள் ஐந்து பேர். ஒருவர் செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தார். பதினான்காவது நிமிடம், அம்மா ஈரப் போர்வையை உதறும் இடத்தில், தலைவர் டார்ச் அடித்தார். அதன்பின் நான் படத்தை நிறுத்தாமல் இறங்கிப் போய், அரங்கின் இரண்டு கதவுகளையும் வெளிப்பக்கம் பூட்டிவிட்டுக் கேபினுக்குத் திரும்பி, மைக்கில், “முழுசா பாத்துட்டுப் போங்க. பாக்கத்தானே வந்திருக்கீங்க?” என்று சொன்னேன்.

தலைவர் எழுந்து நின்று, “யோவ் ஆபரேட்டர், பைத்தியமா உனக்கு? கதவத் திறய்யா!” என்று கத்தினார். அரங்கினுள் சிக்னல் கிடைக்காது என்பதால் யாரையும் கூப்பிட முடியவில்லை. அதன்பின் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். படம் இன்னும் ஒரு மணி பத்து நிமிடம் ஓடியது. முடிந்ததும் நானே கதவைத் திறந்தேன். யார் மீதும் கை வைக்கவில்லை.

வெளியே வந்த தலைவர், “முட்டாள்! இதுக்குத்தான் முதல் பரிசுன்னு பதினாலு நிமிஷத்துலயே முடிவு பண்ணிட்டோம். போதும், அடுத்தத போடுன்னுதான் அடிச்சேன்” என்றார்.

“சார், தப்பு என்னோடது. என்னைய என்ன வேணா பண்ணுங்க. பரிச மட்டும் மாத்திடாதீங்க” என்று கெஞ்சினேன்.

அதற்கு அவர், “உன்னால இல்லய்யா. இப்ப முழுசா பாத்தோம்ல? பின்பாதி ஒரே இழுவை. மூணு பேர் வேணாங்கறாங்க” என்று சொல்லிவிட்டு, டீ வந்ததா என்று விசாரித்தார். ஏழு வருட உழைப்புக்குப் பதினான்கு நிமிடம் பார்த்துப் பரிசு கொடுக்கிற ஆட்களிடம் போய் நியாயம் கேட்ட என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதன்பின் போலீசார் வந்து என்னை அழைத்து வந்தனர். நிலையத்துக்கு வந்த தங்கை, “ஏண்ணா இப்படிப் பண்ணின? பரிசு போனது உன்னாலதானா?” என்று கேட்டாள். “ஆமா, என்னாலதான். கதவப் பூட்டுனதால படத்தத் தள்ளிட்டாங்க” என்றேன். நம்பிவிட்டாள். அதிலிருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைத் திட்டிக்கொண்டாவது அடுத்த படம் எடுப்பாள். இந்த வாக்குமூலத்தின் நகலை அவளிடம் கொடுக்க வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. தங்கையிடம் சொன்ன அந்த ஒன்றைத் தவிர, இன்று என் வாயிலிருந்து வந்தது எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
ஆபரேட்டர்