பரீட்சைக்குப் பேர் கொடுத்தவர்

— கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல விடு. வண்டி மூக்கு ரோட்டப் பாத்து இருக்கட்டும்.

— எதுக்குப்பா, யாராவது துரத்தப் போறாங்களா? இது என் பள்ளிக்கூடம். அங்க பாரு, பசங்க பென்சில் சீவிட்டு நிக்கிறாங்க.

— ரோட்டப் பாத்து.

— சரி, திருப்பிட்டேன். இறங்காத. நான் இன்னும் பேசி முடிக்கல.

— வழியெல்லாம் ஏதோ சொல்லிக்கிட்டுத்தான் வந்தே. காத்துச் சத்தத்துல பாதி காதுல விழல.

— விழலையா, விழாத மாதிரி இருந்தியா? செத்த காது அந்தப் பக்கம். என் பக்கம் உன் நல்ல காதுதான் இருக்கு.

— அடியே சிப்பாய், சண்டைய மத்தியானத்துக்கு மேல வச்சுக்கலாம். பரீட்சை முடிஞ்சதும் எப்பவும் போல ஓட்டல்ல பிஸ்கட்டும் கிரேவியும் சாப்பிடுவோம், அங்க திட்டு. இப்ப கதவு மூடிருவாங்க.

— நேத்து நான் காலேஜுக்குப் போயிருந்தேன். பட்டாளத்துக்காரங்களுக்கும் அவங்க பிள்ளைங்களுக்கும்னு ஒரு அறை இருக்குல்ல, மிஸஸ் ஆஸ்ட்ரண்டர் உக்காந்திருப்பாங்களே, அங்க.

— நல்ல பொம்பளை. அவ புருஷன் எங்க ரெஜிமெண்டு.

— பட்டாளம் உனக்கு மாசக் கணக்குல தர்ற படிப்புச் சலுகையில என் பங்கு என்னன்னு கேட்டேன். நீ பட்டாளத்துல இருக்கும்போதே என் பேர்ல ஒரு மாசம் போட்டு வச்சியாம்.

— எல்லாரும் அப்படித்தான் போடுவோம். வெளிய வந்துட்டா புதுசா பேர் சேக்க முடியாது. அதனால பிள்ளை பேர்ல ஒரே ஒரு மாசம் போட்டு வைக்கிறது. பேர் இருந்தா போதும், மிச்சத்த அப்புறம் தள்ளி விட்டுக்கலாம்.

— அந்த மிச்சம் எங்கப்பா?

— எங்கன்னா? என் பேர்ல இருக்கு. வெல்டிங் படிச்சதுக்கு ஒரு வருஷம் போச்சு. மீதி முழுக்க உனக்குத்தான். உன் நர்சிங்குக்குத் தாராளமா வரும்.

— வராது. ஒரு பருவத்துக்கே வராது.

— அந்தம்மா கணக்க எங்கயோ தப்பாப் போட்டிருக்கா.

— நானும் அதத்தான் சொன்னேன். கம்ப்யூட்டர என் பக்கம் திருப்பிக் காட்டினாங்க. மூணு வருஷமா நீ எழுதின காலேஜ் நுழைவுப் பரீட்சையெல்லாம் வரிசையா இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் கட்டணத்தத் திருப்பித் தரச் சொல்லி எழுதிப் போட்டிருக்கே. சலுகை ஆபீஸ்லயும் தந்திருக்காங்க.

— அது சும்மா தர்றது. பாஸானாலும் ஃபெயிலானாலும் தருவாங்க. பழைய பட்டாளத்துக்காரங்க சங்கத்துல எல்லாரும் வாங்குறாங்க.

— சும்மா இல்லப்பா. கட்டணம் எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி, ஒரு பரீட்சைக்குக் காசு வாங்கினா ஒரு முழு மாசத்தக் கழிச்சிருவாங்களாம். ஐம்பது டாலர வாங்கிட்டு ஒரு மாசக் காலேஜத் தூக்கிக் குடுத்திருக்கே. ஒவ்வொரு தடவையும்.

— முழு மாசமா?

— முழு மாசம்.

— எனக்கு யாரும் சொல்லல.

— யாரையும் நீ கேக்கல. அந்த ஐம்பது டாலர நான் பர்கர் கடையில ஒரு நாள் நின்னா கொண்டு வந்துருவேன். என்னைக் கேட்டிருக்கலாம்ல?

— பிள்ளைகிட்டயா கேப்பாங்க. கேட்டுச்சா? மலைக்கு அந்தப் பக்கம். பீரங்கிப் பயிற்சி ஆரம்பிச்சுட்டாங்க.

— பேச்ச மாத்தாத.

— மாத்தல. கண்ணாடி அதிருது, கைய வச்சுப் பாரு.

— இந்த ஊர்ல பொறந்ததுல இருந்து அதிருது. நான் சொல்றதக் கேளு. உனக்கு இந்த வயசுல காலேஜ் போகணும்னு ஆசைன்னா போ. உங்கப்பா இந்தத் தடவையாவது தேறுவாரான்னு என் கிளாஸ் பசங்க கேலி பண்றாங்க. பரவாயில்லன்னு சிரிச்சுட்டுப் போயிருக்கேன். ஆனா எனக்கும் ஒரு வழி வேணும். சாப்பாட்டு வேளையில பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறவரு பள்ளிக்கூடத்துலயே மேசை போட்டு உக்காந்திருக்காரு. கார்டு குடுத்திருக்காரு. நாலு வருஷம் கையெழுத்துப் போட்டா உங்கப்பாவுக்குக் கிடைச்ச அதே சலுகை உனக்கும் வரும்னாரு.

— அந்தக் கார்ட எடு.

— எதுக்கு?

— எடு, குடு.

— குடுத்தா கிழிப்பே. கிழிச்சா அவர் இன்னொண்ணு குடுப்பாரு. டப்பா நிறைய வச்சிருக்காரு.

— நீ கையெழுத்துப் போட மாட்ட.

— அப்போ எதை வச்சு நான் படிக்கிறது, சொல்லு?

— யாரு, ஸ்ட்ரவுட் குடும்பமா? என்ன சார்ஜென்ட், இன்னைக்கு டிரைவரோட வந்து இறங்குறீங்க.

— வணக்கம், மிஸ்டர் பீச்.

— கெல்சி, நீயும் எழுதறியா?

— நான் ஏப்ரல்லயே எழுதிட்டேன் சார். நல்ல மார்க்கு.

— அதுல கொஞ்சம் உங்கப்பாவுக்குக் கடன் குடு. சும்மா சொல்றேன். மல்யுத்தம் சொல்லிக் குடுத்துட்டு இருந்தவன், முட்டி போனதுல இருந்து பரீட்சைக்குக் காவல் நிக்கிறேன். உள்ள ஒருத்தன் தும்முவான், ஒருத்தன் காப்பியடிப்பான், ஒருத்தி அழுவா. ஆடாம அசையாம உக்கார்றது உங்கப்பா ஒருத்தர்தான். தாள்ல பேரும் பிறந்த தேதியும், மிச்சமெல்லாம் சுத்த வெள்ளை. எனக்குத் தொந்தரவே இல்ல, அவ்வளவுதான் விஷயம்.

— வெள்ளைன்னா?

— ஓ. உனக்குத் தெரியும்னு நெனச்சேன். சரி, நான் வாசலுக்குப் போறேன். என் வழக்கம் தெரியும்ல சார்ஜென்ட், மூணு தடவைதான் கூப்பிடுவேன். அப்புறம் பேர் மேல கோடு போட்டுட்டுக் கதவ மூடிருவேன். அவ்வளவுதான் விஷயம்.

— வர்றேன். நீங்க போங்க.

— அப்பா.

— பெரிய வாய் அந்த ஆளுக்கு.

— ஒரு கேள்விக்குக்கூடப் பதில் எழுதலையா நீ?

— இல்ல.

— ஒரு தடவைகூட?

— முதல் தடவை எழுதப் பாத்தேன்.

— என் மாசத்தையெல்லாம் குடுத்து வெள்ளைத் தாள் வாங்கினியா? நீ எனக்குப் போட்டியாப் படிக்கிறேன்னுதான் கோவப்பட்டுக்கிட்டு வந்தேன். இது அதவிடக் கேவலமா இருக்கு. எதுக்குன்னு சொல்லு.

— உன்கிட்டச் சொல்ற விஷயம் இல்ல.

— அப்போ நான் திங்கக்கிழமை அந்த மேசைக்குப் போறேன்.

— எங்க பீரங்கியில ஏழு பேர்.

— தெரியும். கூடத்துல படம் மாட்டியிருக்கு.

— சண்டையில செத்தவன் ஒருத்தன்தான். மத்தவங்க ஊருக்கு வந்துதான் போனாங்க. அவங்கவங்க கையால. ரூயிஸ் போனது அவன் பொண்ணு பிறந்த நாளுக்கு மறுநாள். நானும் டில்மனும் மிச்சம். ஈஸ்டர்ல இருந்து டில்மன் போன் எடுக்கிறதில்ல.

— இதெல்லாம் நீ சொன்னதே இல்ல. கார் விபத்துன்னுதான சொன்னே.

— நீ அப்ப சின்னப் பிள்ளை, பல்லுக்குக் கம்பி போட்டிருந்தோம். ஒருத்தன் செத்தா பட்டாளத்துல ஒரு வழக்கம் உண்டு, கெல்சி. எல்லாரையும் வரிசையில நிறுத்திப் பேர் கூப்பிடுவாங்க. இருக்கிறவன் குரல் குடுப்பான். அப்புறம் செத்தவன் பேர். பதில் வராது. திரும்பக் கூப்பிடுவாங்க. மூணாவது தடவை பதவியோட, முழுப் பேரோட. யாரும் மூச்சு விட மாட்டாங்க. அதுக்கு அப்புறம்தான் அவனப் பட்டியல்ல இருந்து எடுப்பாங்க.

— அதுக்கும் இந்தப் பரீட்சைக்கும் என்ன?

— பேர் கொடுத்துட்டு நான் போகாம இருந்ததே இல்ல. காய்ச்சலோட போயிருக்கேன், விலா எலும்பு முறிஞ்சு போயிருக்கேன். என்கிட்ட இன்னும் கெட்டுப் போகாம இருக்கிறது அது ஒண்ணுதான். முதல் பரீட்சைக்கு நிஜமாப் படிக்கத்தான் பேர் கொடுத்தேன். அதுக்கு முந்தின வாரம் உங்கம்மா நம்மள விட்டுட்டு விச்சிடா ஃபால்ஸுக்குப் போய்ட்டா. அன்னைக்கு ராத்திரி நான் முடிவு பண்ணிட்டேன்.

— என்ன முடிவு?

— ரூயிஸும் மத்தவங்களும் ஊருக்கு வந்து பண்ணின அதே முடிவு. அப்புறம், சனிக்கிழமை பரீட்சைக்குப் பேர் கொடுத்திருக்கோமேன்னு தோணுச்சு. போய்ட்டு வந்து பாத்துக்கலாம்னு தள்ளி வச்சேன். மிஸ்டர் பீச் பேர் கூப்பிட்டாரு. இருக்கேன்னு சொன்னேன். உள்ள போய்த் தாளப் பாத்தா எழுத்தெல்லாம் நீந்துது. ஆனா வெளிய வந்த கையோட அடுத்ததுக்குப் பேர் கொடுத்துட்டேன். அதுல இருந்து இப்படித்தான் வண்டி ஓடுது. ஒரு தேதி, அப்புறம் இன்னொரு தேதி.

— டாக்டர்கிட்டச் சொன்னியா?

— சொன்னேன். அவங்களும் ஒரு தேதி குடுத்தாங்க. அப்புறம் அவங்களே தள்ளிப் போட்டாங்க. பரீட்சைக்காரங்க தள்ளிப் போடுறதே இல்ல.

— என்னை எழுப்பியிருக்கலாம். நான் பக்கத்து அறையிலதான தூங்கினேன்.

— நீ தூங்குறதப் பாத்துட்டுத்தான் வந்து உக்காந்திருந்தேன். சரி, முடிஞ்சுது. வண்டிய எடு. வீட்டுக்குப் போலாம்.

— என்ன முடிஞ்சுது?

— இனிமே பரீட்சை கிடையாது. உன் மாசத்தத் தின்னுட்டேன். தெரியாமத் தின்னாலும் தின்னதுதான். நீ அந்தக் கார்ட குப்பையில போடு. உனக்கு வேற வழி இருக்கு.

— என்ன வழி?

— ரூயிஸ் பொண்ணு டல்சா காலேஜ்ல படிக்கிறா. அப்பன் செத்துட்டா பிள்ளைக்குத் தனியாப் படிப்புச் சலுகை தருவாங்க, பிள்ளை பேர்லயே. இன்னொருத்தன் தொட்டுக் கழிக்க முடியாது.

— அப்பா, நிறுத்து.

— இப்படி ஒண்ணு இருக்குன்னுதான் சொல்றேன்.

— எனக்குக் காலேஜ் வேணாம். நீ நிறுத்து.

— வேணாம்னு சொல்லாத. நல்லா படிக்கிற பிள்ளை நீ. உன் மேல கோவம் இல்ல, கேட்டுச்சா? நீ கேட்டது நியாயம்தான். சாவியத் திருப்பு.

— திருப்ப மாட்டேன். இரு.

— ஸாண்டர்ஸ், மைக்கா. உள்ள போ. தொப்பியக் கழட்டு. ஸ்லேட்டன், ப்ரீ.

— கூப்பிட ஆரம்பிச்சுட்டாருப்பா. எறங்கு. பில்ல சலுகை ஆபீஸுக்கு அனுப்பாத, அவ்வளவுதான். கட்டணத்த நான் தர்றேன்.

— பொண்ணு கடையில நின்னு சம்பாதிச்ச காசுலயா நான் இதப் பண்ணணும்? வேணாம். எடு வண்டிய.

— ஸ்ட்ரவுட், வெண்டல்.

— உன் பேரு.

— காதுல விழுது.

— பதில் சொல்லுப்பா.

— வெண்டல் ஸ்ட்ரவுட்.

— சொல்லுப்பா. ஒரு வார்த்தைதான.

— நான் வரல, கெல்சி. அவர் கோடு போட்டுக்கட்டும்.

— சார்ஜென்ட் வெண்டல் ரே ஸ்ட்ரவுட்.

— இருக்கார், மிஸ்டர் பீச். கோடு போடாதீங்க. எங்கப்பா இங்க இருக்கார்.