காம்பவுண்டுக்குள்ள சாவு கெடையாது

செருப்ப வெளிய விடாதீக சார், உள்ளயே கொண்டாந்துட்டு, வாங்கப்போற வீட்ட நல்லாச் சுத்திப் பாருங்க. வராண்டாவுல கெடந்தா வாட்ச்மேன் அள்ளிட்டுப் போயிருவான். நாந்தான் சொல்லி வச்சிருக்கேன். இந்த அபார்ட்மெண்டு சங்கத்துக்கு ஆறு வருசமா நாந்தான செயலாளரு. எதுத்த வீடுதான் எனக்கு.

சங்கம்னா தொந்தரவாங்கிறீகளா? அது ஒங்க கொணத்தப் பொறுத்தது. மேல்மாடி தீபா, பால்கனியில வத்தல் காயப் போட்டுச்சு. ரோட்டுல இருந்து பாத்தா லட்சணமாவா இருக்கும்? குப்பையில கொட்டச் சொன்னேன். அழுதுச்சு. ஆனா கொட்டிருச்சு.

அப்பாவும் கூட வாராகளா? படுத்த படுக்கையாவா? அப்ப இப்பவே சொல்லிர்றேன். காம்பவுண்டுக்குள்ள பொணம் கெடக்கக் கூடாது. பந்தல், கொட்டு, சங்கு எதுவும் ஆகாது. தீர்மானம் போட்டு அம்புட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டது. டாக்டர் கைய விரிச்சாருன்னா, உசுரு இருக்கையிலயே வெளிய கொண்டு போயிரணும்.

சிரிக்காதீக, நெசந்தான். இந்த வீட்டுலயே நடந்துச்சு, தை மாசம். ஒச்சம்மாள்னு எழுவத்தாறு வயசு. ரெண்டு நாளாத் தண்ணி எறங்கல. சேர்ல வச்சு லிப்டுல எறக்கி, சாணார்பட்டித் தோட்டத்து மோட்டார் ரூம்ல கொண்டு போயிப் போட்டோம். கார்ல ஏத்தயில கண்ணத் தொறந்து, எங்கடா போறோம்னுச்சு. கோயிலுக்குன்னேன். சொந்தக்காரக எல்லாம் வந்தாச்சு, பாடைக்கு மூங்கிலும் வெட்டியாச்சு.

சாகல சார். பொழச்சுக்கிருச்சு. இப்பக் கஞ்சி குடிக்குது, செவுத்தப் புடிச்சு நடக்குது.

ஏன் திரும்பக் கூட்டியாரலயா? நல்லாக் கேட்டீக போங்க. மறுக்கா படுத்தா மறுக்காவுல்ல தூக்கணும்? செயலாளர் வீட்டுக்கு ஒரு சட்டம், மத்தவகளுக்கு ஒரு சட்டம்னா எவன் மதிப்பான்?

ஆமா சார், எங்க ஆத்தாதான். இந்த வீடும் அது பேர்லதான் இருக்கு.

அதுக்கு ஏன் மொகம் மாறுறீக? பதிவன்னைக்கு நேரா ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டியாந்துருவேன். கைநாட்டு வச்சாத்தான் வீட்டுக்குள்ள விடுவாகன்னு சொல்லி வச்சிருக்கேன். நாலு நாளா சேலையெல்லாம் மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு மோட்டார் ரூம் வாசல்லயே ஒக்காந்திருக்கு. அங்கன வந்து, வீடு வாங்குறது நாந்தான்னு மட்டும் சொல்லிராதீக.