மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல

— கயித்தைத் தொடாதே ராசா! மேல மணியெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டுத் தலைகீழா நிக்குது. இழுத்தேன்னு வை, உன்னையும் சேத்து உத்தரத்துக்குத் தூக்கிட்டுப் போயிடும்.

— மன்னிக்கணும். நான் தொடலை மேடம், சும்மா பாத்தேன். மன்னிக்கணும்.

— ஒரே மூச்சுல ரெண்டு மன்னிப்பு. அமெரிக்காவா?

— கனடா.

— அதானே பாத்தேன். அமெரிக்காக்காரன்னா இந்நேரம் இழுத்துப் பாத்திருப்பான். நான் நெட்டா லஸ்கோம். இந்த ஆஷ்கோம் ஊரு சர்ச்ல மணி அடிக்கிற கூட்டத்துக்கு நான்தான் தலைவி. நீ என்ன தேடிட்டு வந்தே? கல்லறையா, கக்கூஸா?

— எங்க தாத்தாவோட தாத்தாவை. எம் பேரு கோர்டி. கோர்டி யோ.

— யோவா! போச்சு, போ. இந்தப் பக்கம் கல்லை விட்டெறிஞ்சா ஏதாவது ஒரு யோ தலையிலதான் விழும். உங்க கிழவன் பேரு என்ன?

— ஏபல். இந்த வட்டாரத்துலேர்ந்துதான் கப்பல் ஏறி வந்தாரு. எந்த ஊருன்னு மட்டும் எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. சர்ச் பதிவெல்லாம் பாத்துட்டேன் மேடம். அஞ்சு ஊரு, அஞ்சு ஏபல் யோ. எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. எல்லாருக்கும் அப்பா பேரு ஜான்.

— இருக்கும், இருக்கும். பேரு வைக்கிறதுல எங்க ஆளுங்களுக்கு அப்படி ஒரு சோம்பேறித்தனம்.

— உங்க ஊர்லயும் ஒரு ஏபல் இருந்தாராமே?

— இருந்தான். அவன் உனக்கு வேண்டாம்.

— ஏன் மேடம்?

— மத்த நாலுல நல்லதாப் பாத்து ஒண்ணை எடுத்துக்கோயேன். வின்ஸ்டர்லி ஏபல் செருப்பு தைக்கிறவன், வாயில்லாப் பூச்சி. அவனை வெச்சுக்கோ.

— கடையில சட்டை எடுக்கிற மாதிரி சொல்றீங்களே!

— இங்க இருந்தவன் ஊருக்கே அவமானம்டா. மேல ஆறு மணி இருக்கு. அதுல நாலாவதுல கீறல் விழ வெச்சவன் அவன்தான். பெரிய பண்ணைக்காரர் செத்துப் போனாரு. சாவு மணி அடிக்கணும். மணியை முறையா ஆட்டி அடிச்சா தோள்பட்டை கழண்டு போகும். அதனால சோம்பேறிங்க என்ன பண்ணுவாங்க, மணியோட நாக்குல கயித்தைக் கட்டிடுவாங்க. மணி அசையாது, நாக்கை மட்டும் இழுத்து இழுத்து அடிப்பாங்க. வேலை சுலபம். ஆனா மணி தாங்காது, வெடிச்சுக் கீறிடும், அப்புறம் எதுக்கும் உதவாது. இங்கிலாந்துல பாதி மணி இப்படித்தான் போச்சு.

— அதைத்தான் அவரும் பண்ணினாரா?

— குடிச்சுட்டுப் பண்ணினான். மணி கீறிச்சு. அன்னிக்கு ராத்திரியே பிட்ஃபர்டு துறைமுகத்துக்கு ஓடிப் போய்க் கப்பல் ஏறிட்டான்.

— கனடாவுக்கா?

— நரகத்துக்குன்னுதான் எங்க தாத்தா சொல்வாரு.

— நூத்தம்பது வருஷத்துக்குப் பக்கமா ஆயிருக்குமே. இன்னுமா கோவம்?

— மறக்க விட்டாத்தானே? வருஷா வருஷம் மணிக்காரங்க விருந்து ஒண்ணு நடக்கும். எல்லாரும் உக்காந்து தின்னுவோம். நாலாவது மணி அடிக்கிறவன் மட்டும் சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டே தின்னணும். அதுக்கு 'ஏபல் பங்கு'ன்னு பேரு. போன தடவை எங்க ஊரு டாக்டர் நின்னாரு. மனுஷன் குழம்பைச் சட்டையெல்லாம் ஊத்திக்கிட்டாரு.

— கடவுளே, எங்க ஏபல் வேற யாராவதா இருக்கட்டும்.

— அதைத்தான் நானும் சொல்றேன்.

— இல்ல மேடம், விளையாட்டுக்குச் சொல்லலை. எங்கப்பா வில்ஃபி ஆஸ்பத்திரியில இருக்காரு. இனிமே வீட்டுக்குத் திரும்ப மாட்டோம்னு அவருக்கே தெரியும். வாழ்நாள் பூரா பனி வாருற வண்டி ஓட்டின மனுஷன், ஒண்ணும் கேட்டதில்ல. இப்போ ஒண்ணே ஒண்ணு கேக்கறாரு. ஏபல் எந்த ஊர்லேர்ந்து கிளம்பினாரோ அந்த ஊரு சர்ச்சுல தன்னோட சாம்பலைப் புதைக்கணும்னு. எந்த ஊருன்னு தெரியாம கண்ணை மூட மாட்டேன்னு ஒரே அடம்.

— ஐயோ பாவம்.

— இங்க புதைக்க விடுவீங்களா? ஒருவேளை இந்த ஊருதான்னு ஆச்சுன்னா?

— பொய் சொல்ல மாட்டேன் ராசா. வெளியூர்க்காரங்க சாம்பல்னா சர்ச் குழு கை தூக்கணும். குழுவுல பாதிப் பேர் நாங்க மணிக்காரங்க. ஏபல் யோ பேரைச் சொன்னா ஒரு கை எழும்பாது. என் கையையும் சேத்துத்தான் சொல்றேன். மனசுல வெச்சுக்காதே.

— புரியுது. மன்னிக்கணும், உங்க நேரத்தையும் கெடுத்துட்டேன். கிளம்பறேன். கயித்துக்கு மேலெல்லாம் நம்பர் போட்டிருக்கே, அது எதுக்கு?

— சின்ன மணி ஒண்ணு, பெரிய மணி ஆறு. வரிசையா அடிச்சுக்கிட்டே இருப்போம். நான் குரல் குடுத்தா பக்கத்துப் பக்கத்து மணிக்காரங்க ரெண்டு பேர் இடம் மாத்திக்குவாங்க. முதல்ல ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. அப்புறம் ரெண்டு, ஒண்ணு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. அதுக்கப்புறம் ரெண்டு, மூணு, ஒண்ணு...

— நில்லுங்க! நில்லுங்க மேடம்! அதுக்கப்புறம் என்னன்னு நான் சொல்றேன். ரெண்டு, மூணு... ஒண்ணு, அஞ்சு, ஆறு.

— டேய்! உனக்கு எப்படித் தெரியும்?

— எங்க வீட்ல தாலாட்டே இதுதான்! தாலாட்டுன்னு கூடச் சொல்ல முடியாது, வெறும் நம்பர். எங்கப்பா இதைச் சொல்லித்தான் என்னைத் தூங்க வைப்பாரு. என் பிள்ளைங்களுக்கு நானும் சொல்றேன். மணியா இது? மணியா?

— மறுபடி சொல்லு. மெதுவா.

— ஒண்ணு, ரெண்டு, மூணு... அஞ்சு, ஆறு. ரெண்டு, ஒண்ணு, மூணு... அஞ்சு, ஆறு. ரெண்டு, மூணு, ஒண்ணு... அஞ்சு, ஆறு. ரெண்டு, மூணு...

— இரு, இரு. நடுவுல எதுக்கு வாயை மூடறே?

— மூடணும். நாலை வாயால சொல்லக் கூடாது. அந்த இடத்துல ஒரு மூச்சுதான். அதுவும் ஒரே இடத்துல நிக்காது, நகந்துக்கிட்டே இருக்கும். சின்ன வயசுல அங்கதான் நாங்க எல்லாரும் தடுக்கி விழுவோம். தப்பித் தவறி நாலுன்னு சொல்லிட்டா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். நாலு ராசியில்லாத நம்பர்னு எங்க அத்தை சொல்வாங்க.

— ராசியாவது மண்ணாவது! என் கையைப் பாருடா. புல்லரிச்சு நிக்குது பாரு!

— என்ன மேடம்? என்ன ஆச்சு?

— மணி கீறினப்போ புதுசா வார்க்க ஊர்ல காசு இல்ல. வேற ஊருன்னா மிச்சம் அஞ்சு மணியை வெச்சு ஒழுங்கா அடிச்சிருப்பான். எங்க ஆளுங்களுக்கு வீம்பு. ஆறு மணி ஊருன்னு பேரு வாங்கிட்டு அஞ்சு மணி ஊருன்னு இறங்கறதா? அதனால நாலாவது மணியோட இடத்தை மூடாம, காலியாவே விட்டு அடிச்சாங்க. அது எங்கெங்க நகருதோ அங்கெல்லாம் ஓட்டை. புது மணி வர்ற வரைக்கும் வருஷக்கணக்கா அப்படியே! வின்ஸ்டர்லிக்காரன் இன்னிக்கும் எங்களை 'ஓட்டைப் பல்லு'ன்னுதான் கூப்பிடறான். வேற எந்த ஊர்லயும் இப்படி ஒரு கிறுக்குத்தனத்தை நான் கேள்விப்பட்டதில்ல. நீ ஆஷ்கோம்டா! சத்தியமா நீ ஆஷ்கோம்!

— கிடைச்சிடுச்சா? நிஜமாவா?

— கிடைச்சிடுச்சுடா! அழாதே, நானும் அழுதுடுவேன், எனக்கு அழுதா மூக்கு வீங்கிடும்.

— அப்பாவைக் கூப்பிடறேன். இப்பவே கூப்பிடறேன். ஒரு நிமிஷம்... அப்படின்னா, மணியைக் கீறின ஏபல்தான் எங்க ஏபல்.

— ஆமாம். ஐயோ. ஆமாம்ல?

— பரவால்ல. ஊராவது கிடைச்சுதே. அப்பா! அப்பா, கோர்டி பேசறேன்!

— என்னாது? சத்தமாப் பேசுடா. நர்ஸம்மா கஞ்சியை வெச்சுக்கிட்டு மல்லுக்கு நிக்குது.

— ஊரு கிடைச்சிடுச்சுப்பா! ஆஷ்கோம்!

— என்னாது? ஆஷ்கோமா? நர்ஸம்மா, கஞ்சியை அந்தப் பக்கம் வை, எனக்கு ஊரு கிடைச்சிடுச்சு! டேய், எப்படிடா இருக்கு?

— மழை பெய்யுதுப்பா.

— பெய்யட்டும்! நல்லாப் பெய்யட்டும்!

— இங்க மணிக்காரங்க தலைவி நெட்டா மேடம் பக்கத்துல இருக்காங்க, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். நம்ம தாலாட்டு இந்த ஊரு மணியோட வரிசையாம்ப்பா. ஆனா ஒரு விஷயம். நம்ம ஏபல் சாவு மணி அடிக்கும்போது அதைக் கீறிட்டு, அன்னிக்கு ராத்திரியே ஓடி வந்துட்டாராம். இவங்களுக்கு இன்னும் கோவம் ஆறலை.

— என்னாது? மணியையா கீறினாரு? ஹா! பெரிய மணியா?

— வணக்கம் வில்ஃபி, நான் நெட்டா. ரொம்பப் பெரிசில்ல, நடுத்தரம்.

— அதான் கிழவன் கடைசி வரைக்கும் ஊரு பேரைச் சொல்லலை! சரிதான். அப்போ என்னை அங்க சேத்துக்க மாட்டீங்க, இல்லையா?

— அதை அப்புறம் பேசிக்கலாம் வில்ஃபி. முதல்ல அந்தத் தாலாட்டை உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. எனக்குக் கேக்கணும்.

— வாயால மட்டும் போதுமா? கை வேண்டாமா?

— கையா?

— ஏன்டா கோர்டி, கையைக் காட்டலியா நீ? போன்ல வீடியோவைப் போடு. அந்த அம்மா பாக்கட்டும்.

— அப்பா, ஊசி குத்தியிருக்கு, கையைத் தூக்காதீங்க!

— நீ சும்மா இரு. பாருங்கம்மா. ஒண்ணு. ரெண்டு. மூணு. இப்போ பேசக் கூடாது, ரெண்டு கையும் தலைக்கு மேல போயி, இப்படி முட்டி வரைக்கும் இழுத்து இறக்கணும். அஞ்சு. ஆறு. எங்க தாத்தா எனக்குச் சொல்லிக் குடுத்தது. அவரைத் தொட்டில்ல போட்டு ஆட்டினது ஏபல்தான்.

— இன்னொரு தடவை, வில்ஃபி. மத்த நம்பருக்குக் கை கிடையாதா?

— கிடையாது. நாலுக்கு மட்டும்தான். நாலுக்கு வாய் இல்ல, கை உண்டு.

— மேடம், ஏன் உக்காந்துட்டீங்க? தண்ணி கொண்டு வரவா?

— தண்ணியெல்லாம் வேண்டாம். டேய், அது மணி இழுக்கிற இழுப்புடா. அப்படியே அச்சு அசலா! நாலாவது மணிக்காரன் கை அது. மேல மணி கீறிக் கிடக்கு, கயித்தைச் சுருட்டி ஆணியில மாட்டியாச்சு. மத்த அஞ்சு பேரும் அடிக்கிறாங்க. இவரு தன் இடத்துல நின்னு வெறுங்கையை ஏத்தி இறக்கிக்கிட்டு இருந்திருக்காரு. அந்த ஓட்டை சரியான அளவுல இருக்கணும்னா யாராவது ஒருத்தர் அதை அடிச்சாகணும். சத்தமே இல்லாம அடிச்சிருக்காரு மனுஷன்.

— எத்தனை நாளா?

— நாளா? பேரன் பேத்தி வரைக்கும் வந்திருக்குன்னா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருஷக்கணக்கா நின்னிருக்கணும்.

— ஆனா மேடம், மணி கீறின ராத்திரியே ஓடிட்டாருன்னு சொன்னீங்களே!

— அதானே! ஓட்டை விட்டு அடிக்க ஆரம்பிச்சதே மணி கீறினதுக்கு அப்புறம்தானே! அன்னிக்கு ராத்திரியே ஓடினவருக்கு இது எப்படிடா தெரியும்?

— பின்னாடி யாராவது கடுதாசி எழுதியிருக்கலாமோ?

— என்னாது? கடுதாசியா? ஏபலுக்கு எழுத்து வாசனையே கிடையாதுடா. கையெழுத்துக்குப் பதிலா சிலுவைதான் போடுவாரு. இந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு துண்டுக் காகிதம் வந்ததில்ல.

— அப்போ அவரு ஓடலை. இங்கதான் இருந்தாரு.

— மணியைக் கீறினவரை அவங்களோட நிக்க விட்டிருப்பாங்களா மேடம்?

— விடுவாங்களா! கோபுரத்துப் படியில கால் வைக்க விட்டிருக்க மாட்டாங்க. கிளம்பினது ரொம்ப நாள் கழிச்சு, மத்தவங்க எல்லாரும் எதுக்குக் கிளம்பினாங்களோ அதுக்குத்தான். வேலை இல்ல, வயித்துக்கு இல்ல.

— என்னாது? அப்போ எங்க கிழவன் உடைக்கவே இல்லையா?

— இல்ல வில்ஃபி! அவரு உடைக்கலை!

— நர்ஸம்மா! உடைக்கலையாம்! இப்பத்தான் உடைச்சாருன்னு சந்தோஷப்பட்டேன், அதுக்குள்ள இதுவும் போச்சா!

— அப்பா, படுங்க, விழுந்துடப் போறீங்க!

— வில்ஃபி, நீங்க இங்க வர்றீங்க. இன்னிக்குச் சாயங்காலம் பயிற்சிக்கு எல்லாரும் வருவாங்க. நானே சொல்றேன். எவன் கை எழும்பலையோ அவன் கையை நானே பிடிச்சுத் தூக்கி விடறேன். ஆனா அவசரம் இல்ல. மெதுவா வாங்க.

— கேட்டியாடா? மெதுவா வரச் சொல்றாங்க! நர்ஸம்மா, கஞ்சி குடிக்கறேன், கொண்டா. ஆமா, எங்க கிழவன் இல்லைன்னா அந்த மணியை யாருதான் உடைச்சது?

— மேடம்? ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு? நல்ல விஷயம்தானே?

— நல்ல விஷயம்தான் ராசா. ரொம்ப நல்ல விஷயம். இத்தனை வருஷமா இது எனக்கு ஏன் தோணலைன்னுதான் பாக்கறேன். சாவு மணி அடிக்கிறது மணிக்காரங்க வேலையே கிடையாது. அது சர்ச்ல குழி வெட்டறவன் வேலை. மணியை உடைச்சதும், ஏபல் கப்பல் ஏறிப் போன பிறகு அவரு தலையில பழியைக் கட்டினதும் அவனாத்தான் இருக்கும்.

— என்னாது? யாரும்மா அந்தக் குழி வெட்டறவன்?

— இந்த ஊர்ல அந்த வேலை வழிவழியா ஒரே குடும்பத்துக்குத்தான் வில்ஃபி. எங்கப்பா வரைக்கும் நாங்கதான் வெட்டினோம்.