திரையின் வலது மூலை

தம்பி: ...அதான் கேக்கறேன். இந்த மெயில யாருக்கா திறந்தது?

அக்கா: புதுசா சேர்ந்த பொண்ணுதான். யாரோ வேலை கேட்டு பயோடேட்டா அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சா. பிடிஎஃப் தானே, அதுல என்ன வந்துடப் போகுதுன்னு...

தம்பி: அதுலதான் வந்திருக்கு.

அக்கா: நம்ம சென்டர் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம்?

தம்பி: வைரஸ் அனுப்பினவன் எல்லாத்தையும் பூட்டிட்டான், பணம் குடுத்தாத்தான் திறப்பானாம். மூணு வருஷத்து ரிப்போர்ட். ஒண்ணுகூடத் திறக்கல.

அக்கா: ஐயோ... காலையிலதான் ஒரு அம்மா வந்து நின்னாங்க. ஆபரேஷனுக்குப் பழைய ரிப்போர்ட் வேணுமாம். நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன்.

தம்பி: அந்தப் பொண்ணு எங்க?

அக்கா: பெரிய டாக்டர் நேத்தே அனுப்பிட்டாரு. இனிமே வர வேண்டாம்னு. அழுதுகிட்டே போனா.

தம்பி: நீ ஒண்ணும் சொல்லலியா?

அக்கா: நான் என்னத்தச் சொல்ல?

தம்பி: அவ திறந்தா, சரி. ஆனா பிடிஎஃப் திறக்கற சாஃப்ட்வேர்ல இருந்த ஓட்டைய அடைக்கிற அப்டேட் வந்து எட்டு மாசமாச்சு. அதப் போட்டிருந்தா இவன் உள்ள வந்திருக்கவே முடியாது.

அக்கா: இந்தா, டீ.

தம்பி: தினமும் திரையில, வலது மூலையில, அப்டேட் போடவான்னு ஒரு பெட்டி வந்து கேட்டிருக்குமே?

அக்கா: இருக்கற வேலையில அத யாருடா பார்த்தா? நீ முதல்ல டீயக் குடி, ஆறுது.

தம்பி: பேச்ச மாத்தாத. இந்த மூலையில என்ன, பிசுபிசுன்னு?

அக்கா: அழுக்கு.

தம்பி: எதையோ ஒட்டிக் கிழிச்ச மாதிரி இருக்கு.

அக்கா: உன் கண்ணு இருக்கே... ஆமா, ஒரு தாள் இருந்துச்சு. அந்தப் பெட்டிய மறைக்க. காலையில நான்தான் கிழிச்சேன்.

தம்பி: ஏன்?

அக்கா: ஏனா? "நான் வர்ற வரைக்கும் அப்டேட்ட அமுக்காதீங்க"ன்னு அதுல எழுதினது யாரு? ஒரு தடவ அப்டேட் போட்டதுல பிரிண்டர் படுத்துடுச்சுன்னு நீதானேடா ஒட்டிட்டுப் போன! அப்புறம் எட்டிப் பார்த்தியா? கம்ப்யூட்டரப் பார்த்துக்க உன்ன இங்க சேர்த்துவிட்டவ நான். உன் பொழப்புல மண்ணு விழக்கூடாதேன்னு, அவ அழறதப் பார்த்துக்கிட்டு வாயத் திறக்காம நின்னேன்... பாவிடா நான். அந்தத் துணியக் குடு, துடைச்சுடறேன்.

தம்பி: துடைக்காதக்கா. பெரிய டாக்டர் வந்து பார்க்கட்டும். அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் மேல வந்தேன். நீயா சொல்லுவியான்னு பார்த்தேன், அவ்வளவுதான். எல்லா கம்ப்யூட்டருக்கும் அப்டேட் போட்டுட்டா இங்க என் வேலை முடிஞ்சுது, அப்புறம் வர மாட்டேன். டாக்டர் திரும்பக் கூப்பிட்டிருக்காரு, மதியம் அந்தப் பொண்ணு வர்றா... அவகிட்ட நீதான் பேசணும்.