ரூத்துக்காக ஒரு நிமிசம்

ஆமாம்மா, நான் கை தட்டல. பாத்துட்டீங்களா? அம்புட்டுப் பேரு தட்டுற எடத்துல ஒருத்தி தட்டலைன்னா யாருக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன். கடைசி வரிசையில, ஓடாத ஃபேனுக்குக் கீழதான உக்காந்திருந்தேன். கொஞ்சம் இங்குட்டு நகந்து உக்காருங்க, அந்தக் கம்பி சுடும். சாயங்காலமாச்சு, இன்னும் வெக்கை அடங்கல பாருங்க. பெரியார் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போறீங்களா? நானும் அங்கதான் எறங்குறேன். எறங்கி வில்லாபுரத்துக்கு வேற பஸ்ஸு புடிக்கணும்.

ஏன் தட்டலைன்னா என்னத்தச் சொல்ல. மொத வரிசையில ஒரு அம்மா, பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, அந்த ரைட்டரு வாயத் தெறக்குறதுக்கு முன்னாடியே ஆஹா ஆஹாங்குது. என்னத்துக்கு ஆஹான்னு அதுக்கே தெரியாது. எனக்கு முன்னாடி உக்காந்திருந்த தாடிக்காரன் இருக்கானே, போனை மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கிட்டு, தான் அழுறதைத் தானே வீடியோ எடுக்குறான். எடுத்ததப் போட்டுப் பாக்குறான். கண்ணுல தண்ணி சரியாத் தெரியல போல, மறுபடியும் மொதல்லருந்து அழுறான். கருமம். பொன்னாடை வேற. ஆளாளுக்கு ஒண்ணு கொண்டாந்து, இந்தப் புழுக்கத்துல மனுசன் மேல ஒண்ணுக்கு மேல ஒண்ணாப் போத்தி, கடைசியில மூஞ்சி மட்டும்தான் வெளிய தெரிஞ்சுச்சு. அவரும் வேணாம்னு சொல்லலியே.

நானா? நான் புக்குப் படிக்கிறவ இல்லம்மா. பறக்குற பாம்பு, பேசுற பாறை, பூமிக்கடியில ராஜ்ஜியம், இதெல்லாம் நமக்கு எங்க ஓடுது. வீட்டுல ஞாயித்துக்கிழமை ஒரு விசேஷம் வச்சிருக்கோம். அதுக்கு மெர்வின் சாரு வரணும். மெட்ராஸ்லருந்து இங்க காலேஜ்ல பேச வர்றாருன்னு போஸ்டர்ல பாத்தேன், பாத்த ஒடனே பொறப்புட்டேன். வர்றேன்னு ஒரு வார்த்தை அவரு வாயால சொல்லிட்டாப் போதும். காலையிலருந்து அதே நெனப்புதான், ஒரு வாய் சோறு எறங்கல. சிரிக்காதீங்க. அம்மாம் பெரிய ரைட்டரு வில்லாபுரத்துக்காரி வீட்டு விசேஷத்துக்கு எதுக்கு வரப்போறாருன்னுதான நெனைக்கிறீங்க? எங்க வீட்டுக்காரரும் இதத்தான் சொன்னாரு. அவமானப்பட்டுட்டு வராதன்னாரு. நான்தான் கேக்கல.

சரி, பேச்சுக்கு வாரேன். மொதல்ல நல்லாத்தான் பேசுனாரு. கதை எங்கருந்து வருதுன்னாரு, கேள்வியிலருந்து வருதுன்னாரு. ஒங்கள மாதிரி படிச்ச புள்ளைக எல்லாம் எழுதிக்கிட்டீங்க. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கொரலு மட்டும் அப்படியே அவுக அப்பா கொரலு. அப்புறம் தண்ணி பாட்டிலைத் தெறந்து ஒரு மொடக்குக் குடிச்சுட்டு, கொரலைத் தாழ்த்துனாரு பாருங்க. கதை சொல்றவன் தன்னோட காயத்தை மறைக்கக் கூடாதுன்னாரு. எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா, ரூத்துன்னு பேருன்னாரு. ஒம்போது வயசுல வைகையில வெள்ளம் வந்தப்ப அடிச்சுட்டுப் போயிட்டா, என் கையிலருந்துதான் நழுவிப் போனான்னாரு. கையத் தூக்கிக் காட்டுனாரு. இந்தக் கைன்னாரு. அவளுக்குக் கேக்கணும்னுதான் இன்னைக்கு வரைக்கும் கதை சொல்லிக்கிட்டு இருக்கேன்னாரு. அம்புட்டுத்தான், மண்டபமே மூக்கைச் சிந்துது. பட்டுச்சேலைக்காரம்மா ஆஹாவை நிறுத்திட்டு அய்யோங்குது.

நீங்கதான மைக்கை வாங்குனது? நெனச்சேன், இந்த மஞ்சச் சுடிதார்தான். கேள்வி நேரம்னு சொல்றாய்ங்க, எல்லாரும் கையத் தூக்குறாய்ங்க, நீங்க எந்திரிச்சு, எனக்குக் கேள்வி இல்ல சார், ரூத்துக்காக எல்லாரும் ஒரு நிமிசம் எந்திரிச்சு நிப்போமான்னு கேட்டீங்க. நல்ல மனசோடதான் கேட்டீங்க, ஒங்களக் குத்தம் சொல்லல. ஆனா தடதடன்னு நாற்காலிய நகட்டிக்கிட்டு அந்தக் கூட்டம் எந்திரிச்ச வேகத்தப் பாத்தேன்ல. ஒரு செத்த புள்ளை கெடச்சதுல அம்புட்டுச் சந்தோசம். மேடையில இருந்தவுகளும் எந்திரிச்சாக. அவரும்தான். தலையக் குனிஞ்சு, கையக் கட்டிக்கிட்டு, சர்ச்சுல நிக்கிற மாதிரி நின்னான். ச்சீன்னு ஆயிருச்சும்மா எனக்கு.

என்ன, அவன்னா சொன்னேன்? வாயில அப்படி வந்துருச்சு. கோரிப்பாளையத்துல ஒரே எடத்துல வளந்தது, மரியாதை சட்டுன்னு வர மாட்டேங்குது. ஆமா, சின்னதுலருந்து தெரியும்.

நானும் நின்னேன். நிக்காம என்ன பண்றது? எல்லாரும் நிக்கும்போது ஒருத்தி மட்டும் குத்தவச்ச மாதிரி உக்காந்திருந்தா, செத்த வீட்டுல மரியாதை தெரியாதவன்னு சொல்ல மாட்டாக? முன்னாடி இருக்க நாற்காலியப் புடிச்சுக்கிட்டே நின்னேன். சரி, முடிஞ்சுச்சு, உக்காரப் போறாகன்னு பாத்தா கை தட்டுறாக. எழவுக்கு நின்னுட்டுக் கை தட்டுன கூட்டத்தை நான் இன்னைக்குத்தாம்மா பாத்தேன். அதுவும் நிறுத்துவேனான்னு தட்டுறாக. அவரு கும்புட்டுக்கிட்டே இருக்காரு. போதும்னு ஒரு கையக் காட்ட வேண்டியதுதான? காட்டலியே.

அப்புறம் கையெழுத்து வரிசை. புக்கு வாங்குனாத்தான் நிக்க விடுவோம்னாய்ங்க, வாங்கிக்கிட்டு நின்னேன். நீங்க எனக்கு முன்னாடிதான நின்னீங்க? காட்டுங்க, ஒங்களுக்கு என்ன எழுதியிருக்காரு? அன்புத் தங்கை சத்யப்ரியாவுக்கு, ரூத் உன்னில் வாழ்கிறாள். ம். அன்புத் தங்கை. கையெழுத்து மாறவே இல்ல, அதே கோழிக்கிறுக்கல். இந்தாங்க, பத்திரமா வச்சுக்கங்க.

எனக்கா? என் மொறை வந்துச்சு. குனிஞ்ச மேனிக்கே பேரு சொல்லுங்கன்னாரு. நான் புக்க மட்டும் நீட்டுனேன். நிமிந்து பாத்தாரு. பேனா அப்படியே நின்னுருச்சு. நெத்தியில வேர்வை. பின்னாடி புரொபசருமாருக நாலஞ்சு பேரு நிக்கிறாக, போட்டோக்காரன் நிக்கிறான். நான் மெதுவாத்தாம்மா சொன்னேன், ஞாயித்துக்கிழமை காலையில பாண்டி கோயில்ல வச்சிருக்கோம், நீங்க வந்தாத்தான் ஆகும், சும்மா வந்து உக்காந்தாப் போதும்னு. அவரு என்னைய விட்டுட்டு அந்த புரொபசரப் பாத்துச் சிரிச்சாரு. வாசகர்கள் அன்பு தாங்க முடியல சார், கோயிலுக்கெல்லாம் கூப்புடுறாங்கன்னாரு. எல்லாரும் சிரிச்சாக. நீங்களும் போட்டோவுக்கு அங்கதான நின்னீங்க, சிரிச்சீங்க. பரவாயில்ல, ஒங்களுக்கு என்ன தெரியும். மறுபடியும் பேரு கேட்டாரு. மக பேரைச் சொன்னேன், பாண்டிமீனான்னு. வாசகி பாண்டிமீனாவுக்குன்னு எழுதிக் கையில குடுத்துட்டு, அடுத்தவுகளப் பாத்து வாங்கன்னுட்டாரு. அஞ்சு வயசு, இன்னும் ஆனா ஆவன்னாவே முழுசா வரல அதுக்கு. வாசகியாம்.

அழாதீங்கம்மா. எதுக்கு, ரூத்துக்கா? அந்தப் புள்ளைக்காக இன்னும் ஒரு சொட்டு விட்டீங்கன்னா எனக்குக் கோவம் வந்துரும். அது ஆத்துல போகல. அந்த வருசம் வைகையில ஏது தண்ணி? கணுக்காலு நனையாது. கல்பாலத்துக்குக் கீழ எருமை மாடு படுத்துக் கெடந்துச்சு, பயலுக கிரிக்கெட் வெளையாண்டாய்ங்க. அடிச்சுட்டுப் போகணும்னா எருமைதான் அடிச்சுட்டுப் போகணும்.

உசுரோடதாம்மா இருக்கு. நல்லாவே இருக்கு. அது அப்பா லாசர் வாத்தியாரு, மிஷன் ஸ்கூல்ல இருந்தாரு. அம்மா சின்னதுலயே தவறிட்டாக. ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுல பைபிள் வாசிக்கிறது அவருதான். எல்லாரும் ஆண்டவரோட பிள்ளைகன்னு அவரு சொன்னாக் கண்ணுல தண்ணி வரும், அப்படிச் சொல்லுவாரு. இந்தப் புள்ளை சோழவந்தான் பக்கத்துப் பையன் ஒருத்தனைக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னுச்சு. பையன் கவர்மெண்ட் வேலைதான். ஆனா அவுக அப்பா அம்மா அடுத்தவுக வயல்ல நாத்து நட்டுப் பொழச்ச ஆளுக. எந்த ஆளுகன்னு கேட்டாரு வாத்தியாரு, இது சொல்லுச்சு. அம்புட்டுத்தான், எனக்கு ஒரே புள்ளை, அது மெர்வின், இன்னொண்ணு செத்துப் போச்சுன்னுட்டாரு. கோயில் சாமி கும்புடுறவன் வீடுன்னு ஒரு சாக்கு வேற. சாமி இல்லம்மா காரணம். சாதி.

எங்க பக்கம் வீட்டு எவர்சில்வர் ஏனத்துல பேரு வெட்டுவாகள்ல? அந்தப் புள்ளை சாப்புடுற தட்டுல ரூத்துன்னு வெட்டியிருக்கும். கல்யாணம் முடிஞ்ச மறுநாளே அந்தப் பேரத் தேச்சு அழிச்சுட்டு வரச் சொல்லி மகன்கிட்டக் குடுத்து விட்டாரு. அவரும் சைக்கிள்ல மாட்டிக்கிட்டுப் பாத்திரக்கடைக்குப் போனாரு. தெருவே பாத்துச்சு. அன்னைக்கு அவரு பயந்தாரு, அது எனக்குப் புரியும். அப்பனுக்குப் பயப்புடாத புள்ளை யாரு? வாத்தியாரு போயிச் சேந்து வருசமாச்சு. சாவுக்குக்கூட அந்தப் புள்ளைய வாசலத் தாண்டி விடல. அது முடிஞ்சும் அண்ணன்கிட்டருந்து ஒரு போன் இல்ல. சரி, கூச்சமா இருக்கும், நாமளாப் போயி நின்னாச் சரியாயிரும்னு நம்பிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இன்னைக்கு அவர யாரு பயமுறுத்துனா? அவரு ஒங்களுக்கு எல்லாம் கதை சொல்லணும், கதைக்கு ஒரு காயம் வேணும். உசுரோட இருக்கவளத் தள்ளி வச்சேன்னு சொன்னா யாரு கை தட்டுவா?

காளவாசல் தாண்டிருச்சா? இனி பெரியார்தான்.

இல்ல, அவருக்குத் தெரியாமல்லாம் இல்லம்மா. கட்டிக்குடுக்காட்டியும் எங்க கட்டிக்கிட்டுப் போச்சு, எந்த ஊர்ல இருக்கு, எல்லாம் தெரியும்.

நல்லாக் கேட்டீங்க. இம்புட்டுத் தெரிஞ்சும் அந்த ஆளையே விசேஷத்துக்குக் கூப்புட எதுக்கு வந்தேன். ஞாயித்துக்கிழமை பாண்டிமீனாவுக்குக் காதுகுத்தும்மா. மொட்டையப் போட்டு, தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் எங்க வீட்டுக்காரரு பக்கம் காது குத்துவாக. எங்க மாமியா ஒச்சாயி நல்ல மனுசி. வரலைன்னா விட்டுத் தள்ளு, நம்ம தெரு டோனி அண்ணன் மடியில உக்காந்துக்கிட்டும்னு சொல்லிருச்சு. புள்ளைதான் கேக்க மாட்டேங்குது. எல்லாருக்கும் மாமா இருக்காக, என் மாமா எங்கம்மான்னு ஒரே நச்சரிப்பு. வேற யாரைப் போயிக் கூப்புட? எனக்குக் கூடப் பொறந்தது அவன் ஒருத்தன்தான்.

எந்திரிக்காதீங்கம்மா. பஸ்ஸு இன்னும் நிக்கல.